அம்மிணியின் கச்சோலம்

"யம்மா, அந்தச் சேச்சிகிட்ட கேட்டிருந்தா தந்திருக்க மாட்டாங்களா?"

மகா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. காய்ச்சல் விட்டுத் தெளிந்த முகத்தோடு படகில் தாயின் மடியில் சாய்ந்திருந்தாள். தாயின் இடுப்பில், முந்தானை முடிச்சுக்குள், மண்ணோடு பிடுங்கிய ஒரு கச்சோலக் கிழங்கு ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டு வாங்குன செடி பிடிக்காது ட்டி. களவாண்டு வச்சாத்தான் தழைக்கும்" என்றாள் முப்பிடாதி.

அவளாகக் கட்டிய பொய் இல்லை அது. அவள் பிறந்த சங்கரன்கோவில் பக்கமும் அப்படித்தான் சொல்வார்கள். பிழைக்க வந்த மட்டாஞ்சேரியிலும் அப்படித்தான் சொல்வார்கள். மீன் குழம்புக்குப் புளியா குடம்புளியா என்று தொடங்கி ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு சீமைக்காரர்களும் இந்த விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி. கறிவேப்பிலைக் கன்றோ வெற்றிலைக் கொடியோ, சொந்தக்காரர் பார்க்காதபோது கிள்ளி வந்தால்தான் வேர் பிடிக்கும். பிள்ளை அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி முப்பிடாதியின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது. சோறு இறங்கும், முள் இறங்காது.

எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை அது. கணவன் இசக்கிராஜா பெரியாற்றின் நடுவில் இருக்கும் காரைத்துருத்து என்ற பழைய கிராமத்தில் மதில் கட்டும் வேலைக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்கலாமென்று முப்பிடாதி மகளோடு போனாள். போன இடத்தில் பிள்ளைக்கு வாந்தியும் காய்ச்சலும். முன்பின் தெரியாத அம்மிணி என்ற ஒருத்தி வேலிக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டுத் தன் பாயில் படுக்கவைத்தாள். முற்றத்தில் தட்டு விரித்தாற்போல் தரையோடு ஒட்டிக் கிடந்த இலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கிழங்கைத் தோண்டி, கல்லில் உரசி, நெஞ்சிலும் நெற்றியிலும் தடவினாள். கஞ்சி ஊட்டினாள். சாயங்காலம் பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. வழிக்கு இரண்டு பழம் எடுத்து வர அம்மிணி உள்ளே போன அந்த ஒரு நிமிஷத்தில்தான் முப்பிடாதி குனிந்தாள்.

திருடியது தழைத்தது. ஒரு சாக்கில் வைத்தது ஐந்து சாக்காகிப் பால்கனியை அடைத்துக்கொண்டது. கோடையில் இலை காய்ந்து, செடி இருந்த இடமே தெரியாமல் கிழங்கு மண்ணுக்குள் உறங்கிவிடும். தண்ணீர் பட்டதும் சுருட்டிய பீடி மாதிரிக் குருத்து எட்டிப் பார்க்கும். மழைக்காலத்தில் ஊதாப் பொட்டு வைத்த வெள்ளைப் பூ. வருஷத்தின் முதல் பூவைக் குலதெய்வமான முப்பிடாதி அம்மன் படத்துக்குத்தான் வைப்பாள். கிழங்கைத் தட்டித் தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பாள். அவள் கடந்து போனாலே வாசம் வரும். "என்ன எண்ணெய்க்கா இது?" என்று மகளிர் குழுவில் கேட்டபோது அவளே கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். "களவாண்டதுக்கு மவுசப் பாத்தியளா!"

இந்த வருஷம் அந்த மகளிர் குழு ஒருநாள் சுற்றுலாவுக்குப் பேருந்து பிடித்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிறு. இடம், காரைத்துருத்து. இப்போது அது பாரம்பரியக் கிராமமாம். டிக்கெட்டாம், நாட்டுச் செடித் தோட்டமாம்.

"நீங்க வராம எப்படிக்கா? உங்க கச்சோலத்தோட தாய்வீடில்லையா?" என்றாள் ரோஜா. பள்ளுருத்திக்காரி; கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. குழுவுக்குச் செயலாளர். வாயும் கையும் வேகம்.

முப்பிடாதி மட்டாஞ்சேரியில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறாள். பதினோரு அறைகள், பதினோரு கக்கூஸ்கள். குடித்துவிட்டுக் கட்டிலிலேயே வாந்தியெடுத்த விரிப்புகளை உதறியிருக்கிறாள். யார் யாருடைய தலைமுடியையோ சாக்கடைத் துளையிலிருந்து விரலால் இழுத்திருக்கிறாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அழுக்கு என்றால் தண்ணீர் இருக்கிறது, சோப்பு இருக்கிறது, அவ்வளவுதானே என்று இருப்பவள். அப்படிப்பட்டவளுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே குமட்டிக்கொண்டு வந்தது.

கலூர் தாண்டுவதற்குள் பேருந்தில் கோழி வறுவல் பிரிக்கப்பட்டது. எலும்புகள் ஜன்னல் வழியே பறந்தன. ஒன்று பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரரின் மார்பில் விழ, பேருந்தே சிரித்தது. ரசாயன ஆலைகள் நிறைந்த ஏலூர் பக்கம் வந்ததும் "சே, என்ன நாத்தம்!" என்று எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். வெளியே அன்று ஒன்றும் நாறவில்லை. நாறியது உள்ளேயிருந்த கோழியும், கடைசி சீட்டில் யாரோ எடுத்த வாந்தியும்தான். அந்த வாந்திப் பையும் ஜன்னல் வழியாகத்தான் போனது.

படகு இறங்கும் கடவில் செங்கல் படிகள் இருநூறு வருஷத்துப் பழசு என்று பலகை சொன்னது. அந்தப் பலகையின் மேல் யாரோ சூயிங்கத்தை ஒட்டியிருந்தார்கள். நுழைவாயிலில் பிளாஸ்டிக் செம்பருத்தியால் ஒரு வளைவு. அதற்குப் பின்னால் நிஜச் செம்பருத்தி தூசி படிந்து நின்றது. பழைய நாலுகெட்டு வீட்டின் தேக்குத் தூண்களில் காதலர்களின் பெயர்கள், அம்பு விட்ட இதயங்கள். நடுமுற்றத்துத் துளசி மாடத்தில் குழந்தையின் அழுக்கு டயப்பர் ஒன்றைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள்.

முப்பிடாதி அங்கேயே நின்றுவிட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு தன் பலகாரப் பையைக் காலி செய்து, அதற்குள் கையை விட்டு, டயப்பரை எடுத்தாள்.

"ஐயே! முப்பிடாதியக்கா, ஞாயித்துக்கிழமையும் டூட்டியா?" என்று ஒருத்தி கத்தினாள்.

"லாட்ஜ்ல பழகின கையில்லே, சும்மா இருக்குமோ!" என்றாள் ரோஜா. மறுபடி சிரிப்பு.

தோட்டம் வீட்டுக்குப் பின்புறம். கால் வைத்தவுடன் முப்பிடாதிக்கு இடம் தெரிந்துவிட்டது. மாமரம் அதே மாமரம். உரசுகல் கிடந்த மூலை அதே மூலை. வேலியும் ஓலை வீடும் மட்டும் இல்லை. அம்மிணியின் மூன்று சென்ட் இடத்தையும் சேர்த்துத்தான் தோட்டம் போட்டிருக்கிறார்கள். நொச்சி, ஆடாதோடை, சிற்றரத்தை, தழுதாழை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்தி, ஒரு பெயர்ப் பலகை. பாதிப் பாத்திகளில் பலகை மட்டும்தான் இருந்தது.

மீதியிருந்ததைக் குழு பார்த்துக்கொண்டது. 'பறிக்கக் கூடாது' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. இரண்டையும் படிக்கத் தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும். ஒருத்தி இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு எறிந்தாள். அடுத்தவள் அடுத்த இலையைக் கசக்கினாள். கிளை முறியும் சத்தம் முருங்கைக்காய் ஒடிப்பது போல இங்கும் அங்கும் கேட்டது. கைப்பைகள் திறந்து திறந்து மூடின. ஈரக் கைக்குட்டைகளைக் கூட வீட்டிலிருந்தே நனைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். போன மாதம் நவக்கிரகப் பூஜைக்கு வரிசையில் நின்று கும்பிட்ட அதே கைகள். ஆடுகள் மேய்ந்தால்கூட வயிறு நிறைந்ததும் விட்டுவிடும்.

மாமரத்தடியில் ரோஜா குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே வெறும் மண். அதில் ஊன்றிய பலகையில் 'கச்சோலம்' என்று எழுதியிருந்தது. மழை இன்னும் பிடிக்காததால் கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த நேரம். தயிர்சாத டப்பாவின் கரண்டியால் ரோஜா கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி செய்யுத?" என்றாள் முப்பிடாதி.

"மெல்லப் பேசுங்கக்கா. இதோ ஆச்சு." கை நிறையப் பிடி பிடியாகக் கிழங்கு வந்தது. ரோஜா அடியோடு துழாவி எடுத்தாள்.

"ஒரு துண்டு விட்டு வையேன். எல்லாத்தையுமா தோண்டுவ? முதல்ல உள்ள வையி, சொல்லுதேன்."

ரோஜா நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, நல்ல வேடிக்கை கிடைத்த சிரிப்பு. "உங்க பால்கனியில அஞ்சு சாக்குல நிக்குதே, அது என்ன காசு குடுத்து வாங்கினதா? நீங்க சொல்லித்தானேக்கா எனக்கே இதோட அருமை தெரியும்!"

 ரோஜா கிழங்கைக் கைக்குட்டையில் கட்டிப் பையில் போட்டாள். காலால் மண்ணைத் தள்ளிச் சமன் செய்தாள். மண்ணைப் பார்த்தால் ஒன்றும் நடந்த மாதிரியே தெரியவில்லை. அவள் போய்விட்டாள். கரண்டி அங்கேயே கிடந்தது.

அப்போது தண்ணீர்ப் பூவாளியோடு ஒருத்தி வந்தாள். தலை நரைத்துவிட்டது, ஒரு கால் லேசாக இழுத்தது. முப்பிடாதிக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அம்மிணி. அவளுக்குத்தான் இவளைத் தெரியவில்லை. முகம் பார்த்துச் சிரித்துவிட்டு, கச்சோலப் பாத்தியின் அருகே நின்று, எதுவும் இல்லாத அந்த மண்ணுக்கு, குழந்தையின் தலைக்கு ஊற்றுவது போல மெதுவாகத் தண்ணீர் விட்டாள்.

முப்பிடாதியால் அதைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலிருக்கவும் முடியவில்லை.

"ஒண்ணும் காணலையே சேச்சி" என்றாள்.

"உறங்குதல்லே மோளே. இந்தத் தடவை மழை தாமசிச்சுப்போயி. நாலு துளி நல்லா விழுந்தா எழுந்து வரும்." அம்மிணி செங்கல் சூளைத் தமிழர்களோடு பல வருஷம் வேலை செய்தவள். தமிழும் மலையாளமும் அவள் வாயில் ஒரே பாஷையாகத்தான் வரும். "வரணும். வியாழாழ்ச்ச தோட்டம் நடத்துற சங்கத்துக்காரர் வரும். இந்த வரி முழுக்க ஆளுக பறிச்சுக்கொண்டு போயி. இனி இது ஒண்ணுதான் பாக்கி. இதும் முளைச்சில்லெங்கில் மாமரத்தடி வரைக்கும் டைல்ஸ் இட்டு ஊஞ்சல் கெட்டும்னு சொல்லியாச்சு. ஆளுக போட்டோ எடுக்கறதுக்கு."

"தோண்டிப் பார்க்கலியா?"

"ஐயோ, வேண்டா! உறங்குற கிழங்கைக் கிளறக் கூடாது. தோஷமாணு." அம்மிணி பலகையைத் துடைத்தாள். "இவிடேயாணு எண்டெ அடுக்களை இருந்தது. வீடு போயி. இந்தச் செடி எண்டெ கையால வச்சது, அதான்."

பிறகு முப்பிடாதியின் கையிலிருந்த குப்பைப் பையைப் பார்த்தாள். அதில் டயப்பரும், வழியெல்லாம் பொறுக்கிய எலும்பும் காகிதத் தட்டும் இருந்தன. அம்மிணியின் முகம் மலர்ந்தது.

"நீயா எடுத்தது? இத்ர நாளில் ஓராள்! மோளுக்கு ஏதெங்கிலும் செடி வேணோ? கேட்டோ. நான் தரும். ஆரும் கேக்கில்ல. கேட்டா தராதிருக்குமோ? கேட்காமதான் எடுத்துண்டு போகும்."

எட்டு வருஷம் கழித்து மகாவின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

"ஒண்ணும் வேண்டாம் சேச்சி" என்றாள் முப்பிடாதி.

"பண்டொரு தமிழ்க் குட்டி இவிடே வந்து வாந்தி எடுத்து, காய்ச்சலாயிருந்து. இந்தக் கச்சோலம்தான் உரைச்சுப் போட்டேன். அவள் இப்ப பெருசாயிட்டுண்டாகும்." அம்மிணி பூவாளியைத் தூக்கிக்கொண்டாள். "எவிடெயாணோ. நல்லாயிருக்கட்டே."

"நல்லாத்தான் இருக்கும்" என்றாள் முப்பிடாதி.  உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் அம்மிணி மன்னித்தும் விடுவாள். ஆனால் அந்த வெறும் மண்ணுக்கு அவள் ஊற்றிய தண்ணீருக்கு என்ன பதில்?

திரும்பும் பேருந்தில் ரோஜா கைக்குட்டையைப் பிரித்தாள். பிரசாதம் போல ஆளுக்கொரு துண்டு ஒடித்துக் கொடுத்தாள். ஒருத்தி இருமலுக்கு நல்லதென்று அப்போதே கடித்து மென்று, கசக்கிறது என்று ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். இன்னொருத்தி மண்ணோடு கைப்பையில் போட்டு, அரை மணி நேரத்தில் பை அழுக்காகிறதென்று சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பேருந்து முழுக்கக் கச்சோல வாசம். அது முப்பிடாதியின் தலையிலிருந்தும் வந்தது. தன் தலைமுடியின் வாசமே தனக்கு ஓங்கரித்துக்கொண்டு வரும் என்று அவள் நினைத்ததில்லை. லாட்ஜில் பார்த்த எந்த அழுக்கும் இப்படி இல்லை. அதெல்லாம் அடுத்தவர்களுடையது.

"இந்தாங்கக்கா, ஆறாவது சாக்குக்கு!" என்று ரோஜா ஒரு துண்டை அவள் மடியில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து மூன்று தரம் சோப்புப் போட்டுத் தலை குளித்தாள். மகா கண்ணாடி முன்னாலிருந்து, "ஏம்மா, எண்ணெய் தேய்ச்ச தலையை இப்படி உரசுற? முடி போயிரும்" என்றாள். பதினாலு வயசு. அன்று படகில் கேட்ட கேள்வி அவளுக்கு நினைவிருக்காது.

அம்மன் படத்தின் முன்னால் விளக்கேற்றினாள். எட்டு முதல் பூக்கள். எட்டு வருஷமும் அம்மன் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள், வேண்டாமென்று சொல்லவில்லை. தெய்வம் பொறுத்துக்கொண்டே இருக்கும் போல. மனுஷிக்குத்தான் ஒரு நாள் பொறுக்காமல் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை லாட்ஜுக்கு வரவில்லையென்று சொல்லிவிட்டு, முதல் பேருந்துக்கே கிளம்பினாள். கையில் பெரிய கட்டைப்பை. ஐந்து சாக்கில் மூத்த சாக்கின் செடி அது, எட்டு வருஷத்துத் தாய்க்கிழங்கு. வீட்டில் தினம் தண்ணீர் பட்டதால் அது போன மாதமே உறக்கம் கலைந்து உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருந்தது. ஈரச் சாக்கில் பொதிந்து வைத்திருந்தாள். ரோஜா கொடுத்த துண்டும் கூடவே இருந்தது.

"என்னக்கா, பொழுது விடியுமுன்னே கருவாடா?" என்று கலூரில் ஒரு நடத்துநர் கேட்டார். அவள் பையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். எட்டு வருஷத்துக்கு முன் இதே வழியில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தபோதும் நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொண்டது.

காரைத்துருத்துக் கடவில் இறங்கியபோது மழை தூறியது. பிளாஸ்டிக் வளைவின் கதவு பூட்டியிருந்தது. பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். ஆற்றோரம் வேலி சரிந்த இடத்தை ஞாயிற்றுக்கிழமையே பார்த்து வைத்திருந்தாள். திருடியின் கண், அதெல்லாம் தானாகப் பார்த்துக்கொள்ளும். உள்ளே நுழைந்தாள். தோட்டத்தில் ஒருவரும் இல்லை. மாமரத்தடியில் முறிந்த கிளைகளைக் கூட்டி ஓரமாகக் குவித்திருந்தது அம்மிணியாகத்தான் இருக்கும்.

பாத்தியின் முன் உட்கார்ந்தாள். விரலால் மண்ணை விலக்கினாள். உள்ளே ஒன்றுமில்லை, ரோஜா அவ்வளவு சுத்தமாகத் தோண்டியிருந்தாள். தாய்க்கிழங்கை உடையாமல் குழிக்குள் இறக்கினாள். ரோஜாவின் துண்டையும் பக்கத்தில் வைத்தாள். மண் போட்டு மூடப் போகும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நேற்றுவரை வெறும் மண்ணாக இருந்த இடத்தில் உள்ளங்கை அகல இலை கிடந்தால் அம்மிணிக்குத் தெரியாதா? யாரோ கொண்டுவந்து வைத்தது என்றால், பழையதை யாரோ கொண்டுபோனதும் தெரிந்துவிடும். அவளுடைய கையால் வைத்தது அவளுக்கே இல்லாமல் போய்விடும்.

முப்பிடாதி பெரிய இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். எட்டு வருஷமாக ஆசையாய்த் தடவிய இலைகள். மூன்று குருத்துகளை மட்டும் விட்டாள், சுருண்டபடி, நுனி மட்டும் மண்ணுக்கு வெளியே தெரியும்படி. இப்போதுதான் கண் விழிக்கிற கிழங்கு இப்படித்தான் இருக்கும். கிள்ளிய இலைகளைப் பைக்குள் போட்டாள். ஆற்றில் கை நிறையத் தண்ணீர் அள்ளி வந்து, புது மண் தெரியாதபடி சுற்றிலும் தெளித்தாள். நான்கு நடை நடந்தாள். அன்றைக்குக் கிடந்த கரண்டி பலகைக்குப் பின்னால் இன்னும் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டாள்.

மாமரத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு தகரக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு குழாயில் பூவாளி நிரம்பும் சத்தம்.

முப்பிடாதி ஒரு நொச்சிக் குச்சியை எடுத்து, பின்பக்கமாகவே நடந்து, தன் காலடித் தடங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வேலிவரை போனாள். தூறல் வலுத்தது. மீதியை மழை பார்த்துக்கொள்ளும். அவள் திரும்பிப் பார்க்காமல் கடவுக்கு இறங்கினாள்.